ஸ்டுடியோ ரிவெர்ப் இயந்திரம்: ப்ரீசெட்டைத் தொடும் முன்

பதிவான ஒலிக்கு ஓர் அறையின் எதிரொலியைச் சேர்ப்பதுதான் ரிவெர்ப். அதற்கான இயந்திரம் வைத்து வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் கேட்பது, "எந்த ப்ரீசெட் போடுறீங்க?" என்பதுதான். என் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். ப்ரீசெட், அதாவது இயந்திரத்தில் தயாராகச் சேமித்திருக்கும் அமைப்பு, கடைசி வேலை. இயந்திரத்துக்குள் என்ன ஒலி போகிறது, எந்த அளவில் போகிறது, திரும்பி வருவது எங்கே போய்ச் சேர்கிறது என்ற மூன்றையும் ஒழுங்கு செய்துவிட்டால், கூடவே வரும் சாதாரண ஹால் ப்ரீசெட்கூட அழகாக ஒலிக்கும். அதைச் செய்யாமல் ஒவ்வொரு ப்ரீசெட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தால் கலங்கல்தான் மிஞ்சும். முக்கால்வாசி வேலை பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பது பல மிக்ஸ்களுக்குப் பிறகு எனக்கு உறுதியாகிப்போன விஷயம்.

நான் அதிகம் புழங்குவது பிரிகாஸ்டி எம்7. 2007-இல் வந்த இயந்திரம். ரேக்கில் (சாதனங்களை அடுக்கும் சட்டத்தில்) ஒரே ஒரு அலகு உயரம், ஸ்டீரியோ, பின்பக்கம் அனலாக்குக்கு மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்புகள், டிஜிட்டலுக்கு ஏஇஎஸ்/இபியு, அப்புறம் கட்டளைகளுக்கு மிடி. ரிவெர்ப் என்ற ஒரே வேலைக்காகக் கட்டப்பட்டது. பழைய லெக்சிகான் இயந்திரங்களோடும் வேலை செய்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும், மெனுவில் உள்ள பெயர்கள்தான் மாறும்.

முதலில் இடம். ஒரு ரேக் அலகு என்பது 44.45 மில்லிமீட்டர். அந்தச் சின்ன உயரத்துக்குள் ப்ராசசர்கள் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதால் பெட்டி சூடாகும். அதைப் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு மேலேயோ, சூடாகும் இன்னொரு சாதனத்தோடு ஒட்டியோ வைக்காதீர்கள். மேலே ஒரு அலகாவது காலியாக விடுங்கள். டிஜிட்டல் சாதனங்களில் முதலில் வயதாவது பெரும்பாலும் மின்வழங்கியில் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்தான். சூடு அவற்றின் ஆயுளை நேரடியாகக் குறைக்கிறது.

அடுத்து ஹம். புதிதாக எந்தச் சாதனத்தை ரேக்கில் சேர்த்தாலும், பாட்டு ஓடாத நிலையில் அதன் ரிட்டர்னை (அதிலிருந்து திரும்பி வரும் ஒலியை) மட்டும் சத்தமாக வைத்துக் கேட்பது என் வழக்கம். எங்கள் ரேக்கில் எம்7-ஐச் சேர்த்தபோது மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த, ஒரே சீரான உறுமல். இப்படிக் கேட்டால் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டு சாதனங்களின் எர்த் இரண்டு வழிகளில் சந்தித்துக்கொள்ளும் கிரவுண்ட் லூப் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்ததில், பேட்ச் பே என்ற இணைப்புப் பலகைக்கு வரும் ஒரு வயர் பேலன்ஸ்டாக (மூன்று கம்பியில்) இல்லாமல் இரண்டு கம்பியில் முடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதை மாற்றியதும் அமைதி. எக்ஸ்எல்ஆரில் 1 கிரவுண்ட், 2 ஹாட், 3 கோல்ட். மூன்றும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரியாகப் போகிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஹம் போக வேண்டும் என்பதற்காக மின் ப்ளக்கின் எர்த் முனையைத் துண்டிக்காதீர்கள். அது உயிரைக் காக்கும் இணைப்பு. ஆடியோ கேபிள் பக்கம் தீர்வு தேடுங்கள், இல்லையென்றால் அந்த ஆடியோ வழியிலேயே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

இனி அளவு. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் "இந்த இயந்திரம் இரைகிறது", "இந்த இயந்திரம் கரகரக்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஸ்டுடியோ சாதனங்கள் +4 டிபியூ என்ற அளவை மையமாக வைத்து வேலை செய்கின்றன. வோல்ட்டில் சொன்னால் சுமார் 1.23. வீட்டு உபயோகச் சாதனங்களும் சில சின்ன எஃபெக்ட் பெட்டிகளும் −10 டிபிவி, அதாவது சுமார் 0.316 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 12 டெசிபல். ஒரு முனை இந்த அளவிலும் மறுமுனை அந்த அளவிலும் இருந்தால், ஒரு திசையில் ரிவெர்ப் இரைச்சலோடு சன்னமாக வரும், மறு திசையில் உச்சங்கள் நசுங்கும்.

நான் செய்யும் முறை இது. ரெக்கார்டிங் மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றை −18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) அளவில் எழுப்பி, அதை ரிவெர்ப் செண்டுக்கு (இயந்திரத்துக்கு ஒலியை அனுப்பும் வழிக்கு) அனுப்புகிறேன். இயந்திரத்தின் இன்புட் மீட்டரில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். இடது தனியாக, வலது தனியாக. இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு இயந்திரத்தை பைபாஸில் (ஒலி மாறாமல் கடந்து போகும் நிலையில்) போட்டு, திரும்பி வரும் டோனும் அதே −18-இல் வந்து உட்காரும்படி அவுட்புட் அளவைச் சரி செய்கிறேன். போனது எவ்வளவோ வந்ததும் அவ்வளவே என்றான பிறகு அந்த நிலையை ஒரு தாளில் எழுதி ரேக்கின் பக்கவாட்டில் ஒட்டிவிடுகிறேன். டோனை நிறுத்திவிட்டு ஸ்நேர் டிரம் போன்ற கூர்மையான ஒலியை அனுப்பி, உச்சங்கள் மீட்டரின் சிவப்புக்குச் சில டெசிபல் கீழே நிற்கின்றனவா என்றும் பார்த்துவிடுவேன். கணினிக்கும் வெளிச் சாதனங்களுக்கும் நடுவே நிற்கும் இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. முழு அளவில் ஒன்று +18 டிபியூ தரும், இன்னொன்று +24 தரும். அதனால் அடுத்தவர் ஸ்டுடியோவின் எண்களை அப்படியே எடுத்துப் போட முடியாது. டோனை அனுப்பி நம் கண்ணால் பார்ப்பதே வழி.

இயந்திரத்துக்குள் போகும் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ரிவெர்ப் நேரம் என்று நாம் சொல்வது ஒலி 60 டெசிபல் தேய்வதற்கு ஆகும் நேரம். தேய்ந்துகொண்டே போகும் அந்தப் பின்னொலிதான் வால். கேட்பதற்கு இனிமையான பகுதி அதன் கடைசியில்தான் இருக்கிறது. உள்ளே போவதே 30 டெசிபல் குறைவாக இருந்தால், வால் முழுதாகத் தேய்வதற்கு முன்பே இயந்திரத்தின் சொந்த இரைச்சலில் கரைந்துவிடும். இரண்டரை நொடி ஹால் என்று திரையில் போட்டிருக்கும், காதுக்கு ஒன்றரை நொடிதான் கேட்கும். உடனே டீகேயை (தேய்வு நேரத்தை) கூட்டுவோம், மிக்ஸ் கலங்கும். கோளாறு டீகேயில் இல்லை, செண்டில் இருக்கிறது.

அனலாக் வழியாக இணைப்பதா, டிஜிட்டல் வழியாகவா என்று நிறையப் பேர் யோசிக்கிறார்கள். நல்ல இன்டர்ஃபேஸ் இருந்தால் இரண்டும் சரிதான். டிஜிட்டலில் போனால் க்ளாக் (ஒலியின் எண்கள் எந்தத் தாளத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் கடிகாரம்) விஷயத்தில் கவனம் வேண்டும். இன்டர்ஃபேஸ் தன் சொந்த 48 கிலோஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஓடும், இயந்திரம் தன் சொந்த 48-இல் ஓடும். எண் ஒன்றுதான் என்றாலும் இரண்டு க்ளாக்குகளின் க்ரிஸ்டல்கள் ஒருபோதும் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. அந்த நுண்ணிய வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து எப்போதாவது ஒரு 'டிக்' சத்தமாக வெடிக்கும். பாட்டின் நடுவில் ஒரு டிக், மறுபடி ஓட்டினால் வேறோர் இடத்தில் இன்னொரு டிக் என்று வந்தால் முதலில் க்ளாக்கைச் சந்தேகியுங்கள். இன்டர்ஃபேஸ் மாஸ்டர், ரிவெர்ப் இயந்திரம் அதைப் பின்பற்றும் என்று வைத்துக்கொள்வது எளிது. இயந்திரத்தின் மெனுவில் க்ளாக் மூலத்தை ஏஇஎஸ் இன்புட் என்று மாற்றினால் முடிந்தது. கேபிளும் அதற்குரியதாக இருக்கட்டும். ஏஇஎஸ்/இபியு கேபிள் 110 ஓம். மைக் கேபிளின் முனையும் அதே எக்ஸ்எல்ஆர்தான், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், குட்டையாக இருந்தால் வேலையும் செய்துவிடும். நீளம் கூடும்போதுதான் தகராறு தொடங்கும், அதுவும் விட்டு விட்டு வருவதால் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

இனி செண்டும் ரிட்டர்னும். ரிவெர்ப் இயந்திரத்தை ஒரு ட்ராக்கின் நேர்வழியில் செருகுவதை விட, எல்லா ட்ராக்குகளும் அனுப்பக்கூடிய ஒரு ஆக்ஸ் செண்டாக வைத்து, வெளியே வருவதைத் தனி ஸ்டீரியோ சேனலில் வாங்குவதே சரி. செண்ட் போஸ்ட் ஃபேடராக, அதாவது ட்ராக்கின் ஒலியளவுப் பிடியான ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுப்பதாக, இருக்கட்டும். பாடகரின் ஃபேடரைக் குறைத்தால் அவருடைய ரிவெர்பும் சேர்ந்து குறையும். ப்ரீ ஃபேடர் செண்டை நான் பயன்படுத்துவது, ஒரு குரல் மெல்ல மெல்லத் தூரத்துக்குப் போய் ரிவெர்ப் மட்டும் மிஞ்ச வேண்டும் என்கிற அபூர்வ இடங்களில்தான்.

இயந்திரத்தில் வெட் (ரிவெர்ப்) அளவு 100 சதவீதம். ட்ரை (ரிவெர்ப் சேராத மூல) ஒலி துளியும் வெளியே வரக் கூடாது. இதைச் சும்மா ஒரு சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. ட்ரை ஒலி இயந்திரத்தின் வழியாகவும் கசிந்தால், நேராக வரும் ஒலியோடு சில மில்லிசெகண்ட் தாமதித்து வந்து சேரும். அந்தத் தாமதம் 5 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸ், 300, 500 என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்துவிடும். ரிவெர்ப் போட்டதும் குரல் மெலிகிறதே என்று யாராவது சொன்னால், ஈக்யூவை (ஒலியின் மேல், கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) திறக்கும் முன் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். 100 சதவீதம் வெட்டாக இருந்தால் இன்டர்ஃபேஸ் வழியாகப் போய்வரும் தாமதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது ப்ரீடிலேயோடு (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளியோடு) சில மில்லிசெகண்டைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ரிட்டர்ன் சேனலைத் திறந்தவுடன் அதன் செண்ட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரிவெர்ப் தன்னையே தனக்கு அனுப்பத் தொடங்கினால் சில நொடிகளில் ஊளையிடும். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நல்லதல்ல.

இன்னொரு சோதனை: கிடார் ஒன்றை முழுக்க இடப்பக்கம் வைத்து அனுப்பி, ரிட்டர்னை மட்டும் கேளுங்கள். சில இயந்திரங்களும் சில ப்ரோக்ராம்களும் உள்ளே வரும் இடது வலதைக் கூட்டி மோனோவாக்கி, பிறகுதான் ஸ்டீரியோ ரிவெர்ப் செய்யும். சிலவற்றில் இடப்பக்கத்து ஒலியின் ரிவெர்ப் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். இரண்டும் குற்றமில்லை. நம் இயந்திரம் எந்த வகை என்று தெரிந்திருந்தால், வாத்தியங்களை எங்கே வைப்பது என்பதை நம்பிக்கையோடு முடிவு செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் நான் ப்ரீசெட்டைத் தொடுகிறேன். அப்போதும் முதலில் ரிட்டர்னை மட்டும் கேட்கிறேன். ஒரு கைத்தட்டல் அல்லது ரிம் ஷாட், பின்னாலேயே நீண்ட அமைதி. குறுகிய ஒலியை அனுப்பினால்தான் வாலின் உருவம் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை எடுத்து, அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்த்திக் கேட்பேன். எம்7 கைக்கு வந்த தொடக்கத்தில் பாட்டு எதையும் தொடாமல் இதை மட்டுமே செய்து பழகிய மாலைகள் இன்றும் எனக்குப் பயன் தருகின்றன.

டீகேயையும் சைஸையும் நிறையப் பேர் ஒன்றாக நினைக்கிறார்கள். டீகே என்பது ஒலி தேய எடுக்கும் நேரம். சைஸ் என்பது சுவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்ற உணர்வு, அதாவது பிரதிபலிப்புகள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்பது. சின்ன சைஸில் நீண்ட டீகே வைத்தால் உலோகம்போல் ரீங்கரிக்கும். பெரிய சைஸில் குறுகிய டீகே வைத்தால், பெரிய அறையில் திரைச்சீலைகள் தொங்குவதுபோல் இருக்கும். குரலுக்கு இந்த இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இடம் பெரிதாகத் தெரியும், சொற்கள் மேல் வால் படியாது.

டேம்பிங் என்றும் ரோலாஃப் என்றும் பெயர் வைத்திருப்பவை உயர் ஒலிகளுக்கானவை. இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கின் எதிரொலியை ஆராயத் தொடங்கியபோது, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, அவை கூடக்கூட ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அறையின் கொள்ளளவும் உறிஞ்சும் பரப்பும்தான் ரிவெர்ப் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற சூத்திரம் அங்கிருந்து வந்தது. துணியும் மெத்தையும் மனிதர்களும் காற்றும் தாழ்ந்த ஒலிகளைவிட உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் விழுங்குகின்றன. அதனால் உண்மையான அறையில் வால் நீள நீள இருண்டுகொண்டே போகும். இயந்திரத்தில் உயர் ஒலிகளின் தேய்வு நேரத்தைக் குறைத்தால் காது அதை உடனே 'அறை' என்று ஏற்றுக்கொள்கிறது. வால் கடைசி வரை பளபளவென்று இருந்தால், அது எஃபெக்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும். சில பாட்டுகளுக்கு அதுவும் வேண்டியிருக்கும்.

ப்ளேட் ப்ரோக்ராம்கள் பளிச்சென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. அவை போலச்செய்வது பழைய தகட்டு ரிவெர்பை. 1957-இல் வந்த இஎம்டி 140 என்ற கருவியில் சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள மெல்லிய எஃகுத் தகடு, சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். தகட்டில் உயர் ஒலிகள் தாழ் ஒலிகளைவிட வேகமாகப் பயணிக்கின்றன, முதலில் வந்து சேர்கின்றன. அறையில் கேட்பதுபோன்ற தனித்தனி முதல் பிரதிபலிப்புகளும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாகத் தொடங்கும். அதனால்தான் ப்ளேட் ஒலியைச் சூழ்ந்துகொள்கிறது, ஆனால் எந்த அறையையும் நினைவுபடுத்துவதில்லை. முன்னணிக் குரலுக்கும் ஸ்நேருக்கும் ப்ளேட் பொருந்துவது இதனால்தான். ஒரு குழு ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வேண்டுமென்றால் ப்ளேட் உதவாது, ரூம் அல்லது சேம்பர் ப்ரோக்ராமுக்குப் போக வேண்டும்.

டிஃப்யூஷனை (பிரதிபலிப்புகள் எவ்வளவு நெருங்கிக் கலக்கின்றன என்பதை) தட்டு வாத்தியங்களுக்குக் கூட்டி வைப்பேன். குறைவாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் சரளைக் கல் கொட்டுவதுபோல் தனித்தனிப் பிரதிபலிப்புகள் கேட்கும். குரலுக்குக் கொஞ்சம் குறைத்தால் சொற்கள் தெளிவாகும். மாடுலேஷன் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 1978-இல் வந்த லெக்சிகான் 224 காலத்து இயந்திரங்களில் நினைவகம் மிகக் குறைவு. வால் ரீங்கரிக்காமல் இருக்க, உள்ளே இருக்கும் தாமதங்களை மெல்ல அலையவிட்டார்கள். பட்டுப்போன்ற அந்த அசைவு தந்திக் குழுவுக்கும் பின்னணிக் குரல்களுக்கும் அழகு. பியானோவுக்கு நான் அதைப் பெரும்பாலும் அணைத்துவிடுவேன். பியானோவின் சுரம் அசையவே அசையாது என்று காதுக்குத் தெரியும், வாலில் சுருதி லேசாக ஆடினாலும் உறுத்தும்.

ப்ரீடிலேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் பாடும் குரலுக்கு இதைவிட முக்கியமான அமைப்பு வேறில்லை என்பது என் எண்ணம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 20 மில்லிசெகண்ட் என்றால் ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதல் பயணம். நேரடிக் குரலுக்கும் ரிவெர்புக்கும் இடையில் அந்த இடைவெளியை விட்டால், பாடுபவர் நம் பக்கத்தில் நிற்பார், அறை அவருக்குப் பின்னால் விரியும். இடைவெளி இல்லாவிட்டால் அவரும் அறையோடு சேர்ந்து பின்னால் போய்விடுவார். நான் குரலுக்கு 25-இலிருந்து 60 வரைக்குள் தேடுவேன். பாட்டின் வேகத்தோடும் பொருத்திப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட், அதை எட்டாகப் பிரித்தால் 62.5, பதினாறாகப் பிரித்தால் 31.25. கணக்கில் தொடங்குகிறேன், காதில் முடிக்கிறேன்.

தமிழுக்கு ஏன் முக்கியம் என்றால், நம் சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இடங்கள் ஏராளம். 'பட்டு', 'பத்து', 'பக்கம்' என்று பாடும்போது அந்த ட்ட, த்த, க்க ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நொடிப்பொழுது மௌனம் இருக்கிறது. வாய் அடைத்துத் திறக்கும் அந்த மௌனம்தான் எழுத்தைக் காட்டுகிறது. அதற்குள் முந்தைய உயிரெழுத்தின் ரிவெர்ப் வந்து நிறைந்துவிட்டால் இரட்டித்தது ஒற்றையாகிவிடும், சொல்லே மழுங்கும். ப்ரீடிலே 10-இல் இருந்தபோது புரியாத ஒரு வரி, 45-க்கு நகர்த்தியதும் தெளிந்துவந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமான பாட்டில் ப்ரீடிலே மட்டும் போதாது. குரல் ஒலிக்கும்போது ரிவெர்பைக் கொஞ்சம் அமுக்கி, வரி முடிந்ததும் விடும்படி ரிட்டர்னில் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, குரலையே அதற்குக் கட்டளையாகத் தரும் சைட்செயினால் அதை இயக்குவேன். இரண்டு மூன்று டெசிபல் அமுக்கினாலே போதும்.

மறுபடி, உள்ளே போவதுதான் முக்கியம். செண்டில் ஒரு ஈக்யூ இல்லாமல் நான் எந்த ரிவெர்பையும் ஓட்டுவதில்லை. அபி ரோடு ஸ்டுடியோவின் பழக்கம் என்று பரவலாக அறியப்பட்டது, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டு அனுப்புவது. 600 என்பது தனியாகக் கேட்கும்போது அதிகம்போல் தோன்றும், மிக்ஸுக்குள் உட்கார்ந்ததும் அதன் நியாயம் புரியும். மெதுவான பாட்டுக்கு 250, 300-இல் நிறுத்திக்கொள்வேன், அப்போதுதான் குரலுக்குப் பின்னால் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். கீழ் ஒலிகளை வெட்டாமல் அனுப்பினால் பேஸும் கிக்கும் இருக்க வேண்டிய இடத்தில் ரிவெர்பின் மண்டி படியும். ரிட்டர்னில் வெட்டினால் போதாதா என்று கேட்பார்கள். மீட்டரை நிரப்பி இன்புட்டைத் திணறடிப்பது அந்தக் கீழ் ஒலிகள்தான், அதனால் முன்னால் வெட்டுவதே எனக்கு உகந்தது. அப்புறம் ஸ, ச போன்ற சீறும் ஒலிகள். குரலில் அவை சரியான அளவில் இருந்தாலும், ஒரு பளிச்சென்ற ப்ளேட்டுக்குள் போனால் ஒன்றரை நொடிக்கு இஸ்ஸென்று பரவும். செண்டில் தனியாக, சீறலை அமுக்கும் ஒரு டீஎஸ்ஸர், அதுவும் குரலில் போடுவதைவிட இரு மடங்கு கடுமையாக. நேரடிக் குரலை அது தொடாததால் பாட்டின் உயிர் குறையாது.

பாடகரின் ஹெட்ஃபோனுக்குப் போகும் ரிவெர்பை மிக்ஸுக்கான ரிவெர்பிலிருந்து பிரித்தே வைக்கிறேன். நேரடிக் குரல் இன்டர்ஃபேஸிலிருந்து தாமதமின்றி நேராகப் போகட்டும், ரிவெர்ப் மட்டும் இயந்திரத்திலிருந்து வரட்டும். என் அனுபவத்தில், ஹெட்ஃபோனில் ரிவெர்ப் மிகுந்தால் பாடுபவர்கள் வரியின் முடிவைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள், மிச்சத்தை ரிவெர்ப் முடித்துக்கொடுக்கும் என்று குரல் நம்பிவிடுகிறது. ரிவெர்பே இல்லாவிட்டால் தொண்டையை இறுக்கிப் பாடுகிறார்கள். ஒன்றரை நொடி ப்ளேட், அளவாக, இதுதான் என் தொடக்கம். பாடுபவர் கேட்டால் தயங்காமல் மாற்றிக்கொடுப்பேன், அந்த நேரத்தில் அவர் சௌகரியம்தான் பெரிது.

அளவு சரியா என்று முடிவு செய்ய எனக்கு நம்பகமான வழி, பாட்டு முழு வேகத்தில் ஓடும்போது ரிட்டர்னை மியூட் செய்வது. மியூட் செய்ததும் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும், திரும்ப எடுத்ததும் ரிவெர்ப் வந்துவிட்டது என்று தோன்றக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான அளவு. பிறகு மோனோவில் கேளுங்கள். அகலமாக ஒலித்த சில ஹால்கள் மோனோவில் பாதியாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினால் அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக வேறு ப்ரோக்ராமுக்குப் போவேன். மெல்லிய சத்தத்தில் ஒருமுறை கேட்பதும் நல்லது. சத்தமாகக் கேட்கும்போது நம் அறையின் எதிரொலியும் ரிவெர்போடு சேர்ந்துகொண்டு, போதும் என்று நம்மை ஏமாற்றும்.

அமைப்புகளைச் சேமிப்பதில் மென்பொருளின் வசதி இந்த இயந்திரங்களில் இல்லை. ப்ராஜெக்டைத் திறந்தால் எல்லாம் தானாக வந்து நிற்காது. இயந்திரத்தின் நினைவில் பாட்டின் பெயரோடு சேமிக்கிறேன், திரையை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே போட்டுவைக்கிறேன். பழைய இயந்திரங்களில் இது இன்னும் முக்கியம். அவற்றில் பயனரின் ப்ரீசெட்களைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் போய்விடும், சிலவற்றில் அது சர்க்யூட் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாக மிடி வழியாக எல்லா ப்ரீசெட்களையும் மொத்தமாகக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பேட்டரியை மாற்றுவதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் விட உறுதியான பாதுகாப்பு ரிவெர்பையே பதிவு செய்துவிடுவது. மிக்ஸ் முடிவுக்கு வந்ததும், ரிட்டர்னை ஒரு புதிய ஸ்டீரியோ ட்ராக்கில் 24 பிட்டில் பதிவு செய்கிறேன். இயந்திரம் ஒன்றுதான், குரலுக்கு ஒரு ஹால், டிரம்ஸுக்கு ஒரு ரூம் வேண்டுமென்றாலும் இதுவே வழி. ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, இயந்திரத்தை மாற்றி அமைத்து, அடுத்ததைப் பதிவு செய்யலாம். இதெல்லாம் பாட்டு ஓடும் நேரத்துக்கே நடக்கும், அவசரப்படுத்த முடியாது. அந்த நேரத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் ரிவெர்ப் மட்டுமாகக் கேட்கிறேன். எந்த இடத்தில் ஒரு ப்ளாஸிவ் ('ப' போன்ற எழுத்தின் காற்று) வெடிக்கிறது, எங்கே ஹெட்ஃபோன் கசிவு ரிவெர்பாகிப் பரவியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் அகப்படும். பாட்டின் கடைசிச் சுரத்தோடு பதிவை நிறுத்தாதீர்கள், டீகேயைப் போல் இரண்டு மடங்கு நேரமாவது ஓடவிடுங்கள். பதிவு முடிந்ததும் புதிய ட்ராக்கையும் இயந்திரத்தின் நேரடி ரிட்டர்னையும் மாற்றி மாற்றிக் கேட்டு, தொடக்கம் அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். சில மில்லிசெகண்ட் தள்ளியிருந்தால் ட்ராக்கை நகர்த்திக்கொள்ளலாம். பிறகு நேரடி ரிட்டர்னை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் ரிவெர்ப் 6 டெசிபல் வரை கூடிவிடும், மறுநாள் ப்ராஜெக்டைத் திறக்கும்போது மிக்ஸ் ஏன் மாறிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.